ஒரு பழைய மஸ்டாங்: 40 வருடத்துக்கு மேல் பெயிண்ட் அடிக்காமல் வைத்திருந்தது சரிதானா?

கிளட்ச் வயர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வேறொரு இழையில், பழைய கார் ஒன்று கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பாதிக்கு மேல் ஒரே பதில்தான்: டிங்கரிங், பெயிண்டிங். அதைப் படித்ததிலிருந்து ஒரு காரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

கார் 1968ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் ஜிடி என்ற அமெரிக்க மசில் கார். பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல். 390 கன அங்குல வி8 எஞ்சின், அதாவது சுமார் 6.4 லிட்டர். 325 குதிரைத் திறன், 4 கியர் மேனுவல். நிறம், ஃபோர்டு அப்போது ஹைலேண்ட் கிரீன் என்று பெயர் வைத்திருந்த கரும்பச்சை. ‘புல்லிட்’ என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஓட்டினாரே, அந்தக் கார். அதே மாடலில் இன்னொன்று அல்ல, அந்தக் காரேதான்.

படத்துக்காக இரண்டு மஸ்டாங் எடுத்தார்கள். இரண்டுக்கும் அடுத்தடுத்த சேசிஸ் எண், 558இல் ஒன்றும் 559இல் ஒன்றும் முடியும். மேட்டிலிருந்து பறந்து விழுகிற காட்சிகளுக்கு 558. மெக்வீன் ஓட்டுவது தெரிகிற காட்சிகளுக்கு 559. நான் சொல்வது இந்த 559ஐ. மேக்ஸ் பால்ச்சோவ்ஸ்கி என்ற பந்தயக் கார் மெக்கானிக் சஸ்பென்ஷனைப் பலப்படுத்தினார். முன் கிரில்லில் இருந்த குதிரைச் சின்னத்தையும் ஜிடி சின்னங்களையும் கழற்றிவிட்டார்கள். கேமரா பொருத்துவதற்கு வண்டிக்கு அடியில் இரும்புக் குழாய்களை வெல்டு வைத்தார்கள். இந்தக் குழாய்களை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

படம் முடிந்ததும் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒருவர் காரை வாங்கினார். அவரிடமிருந்து நியூஜெர்சியில் ஒரு போலீஸ் துப்பறிவாளருக்குப் போனது. அவர் 1974இல் ஒரு கார்ப் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து ராபர்ட் கீர்னன் என்பவர் சில ஆயிரம் டாலருக்கு வாங்கினார். இன்சூரன்ஸ் துறையில் இருந்தவர், பெரிய பணக்காரர் இல்லை. அவர் மனைவி பள்ளி ஆசிரியை. அந்த அம்மா இந்தக் காரில்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார்.

1977 டிசம்பரில் மெக்வீனிடமிருந்து கீர்னனுக்கு ஒரு கடிதம் வந்தது. காரை எனக்குத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது அந்தக் கடிதத்தில் உள்ள ஒரு விஷயம். காரைப் புதுப்பிக்க அவர் விரும்பவில்லை. படத்தில் ஓடியபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கத்தான் ஆசைப்பட்டார். இதற்குப் பதிலாக இதே போன்ற இன்னொரு மஸ்டாங்கைத் தேடித் தருகிறேன், ரொம்பப் பணம் ஆகும் என்றால் விட்டுவிடலாம் என்றும் எழுதியிருந்தார். கீர்னன் கொடுக்கவில்லை. கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தினார்.

1980இல் கிளட்ச் போய்விட்டது. அப்போது ஏறக்குறைய 65,000 மைல் ஓடியிருந்தது. சரி, பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தினார்கள். அதே வருடம் நவம்பரில் மெக்வீன் இறந்துபோனார். குடும்பம் ஊர் மாறியபோதெல்லாம் காரும் கூடவே போனது. 2001இல் ஃபோர்டு அந்தப் படத்தின் பெயரில் ஒரு புது மஸ்டாங்கை விட்டபோது அப்பாவுக்கும் மகன் ஷானுக்கும் பழைய ஆசை திரும்ப வந்தது. இருவரும் சேர்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். வேலை அப்படியே நின்றது. 2014இல் அவர் காலமானார்.

மகன்தான் திரும்ப எடுத்தார். எஞ்சினைச் சேர்த்தார், ஓட வைத்தார். ஆனால் பாடியைத் தொடவில்லை, பெயிண்டைத் தொடவில்லை, சீட்டைத் தொடவில்லை. 2018 ஜனவரி 14ஆம் தேதி டெட்ராய்ட் கார்க் கண்காட்சி மேடைக்கு அந்தக் கார் வந்தது, மங்கிய பச்சையோடும் சின்னச் சின்ன நெளிவுகளோடும். கார் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று உலகம் முழுக்கப் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அதுவரை ஒரு வீட்டின் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது.

என் கேள்வி இதுதான். அந்தக் குடும்பம் அதைப் பளபளவென்று ஆக்கியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

---

குதிரைத் திறன் எழுதியது:

அருமையான பதிவு அண்ணா. ஒரே ஒரு திருத்தம். மஸ்டாங்கை மசில் கார் என்று சொல்வதை அமெரிக்காவில் பல பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் மசில் கார் என்றால் நடுத்தர அளவு குடும்பக் காரில் பெரிய எஞ்சினைத் தூக்கிப் போட்டது. 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓவை அதற்குத் தொடக்கமாகச் சொல்வார்கள். மஸ்டாங் அதே வருடம் ஏப்ரலில் வந்தது, ஆனால் அது சின்ன உடம்பு. அதற்கு போனி கார் என்று தனிப்பெயர்.

அந்தப் படத்தில் உண்மையான மசில் கார், வில்லன்கள் ஓட்டிய கறுப்பு டாட்ஜ் சார்ஜர்தான். 440 கன அங்குலம், 375 குதிரைத் திறன். ஸ்டண்ட் ஓட்டுநர் பில் ஹிக்மன் ஓட்டினார். நேர் சாலையில் மஸ்டாங் அதைத் துரத்துவதே பெரும்பாடு. துரத்தல் காட்சியில் சார்ஜரின் வீல் கப் கழன்று விழுவதை எண்ணிப் பாருங்கள், நான்கு சக்கரத்துக்கு மேல் கணக்கு வரும். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து ஒட்டியதால் வந்தது அது.

---

கிளட்ச் வயர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் 390 கன அங்குல எஞ்சினை அந்தச் சின்ன உடம்புக்குள் திணித்த பிறகு அந்தக் கோடு மங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். பெயரை எப்படி வைத்தாலும் காரின் மதிப்பு மாறாது, அதனால் இதில் சண்டை வேண்டாம்.

எண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, முழு எண் 8 ஆர் 02 எஸ் 125559. பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது ஜாதகம் மாதிரி. முதல் 8, 1968ஆம் மாடல் வருடம். ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் ஃபாஸ்ட்பேக் உடல். எஸ் என்றால் 390 எஞ்சின். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். போலி மஸ்டாங்குகள் எத்தனையோ இருக்கின்றன. நிறத்தை எவனும் அடித்துவிடலாம், இந்த எண்ணை ஏமாற்றுவதுதான் கஷ்டம்.

---

டிங்கர் பட்டறை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

26 வருடமாக டிங்கர் வேலை பார்க்கிறேன். பழைய வண்டியை அப்படியே வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேருடைய வண்டியில் தரைத் தகரம் இருக்காது. கால் வைத்தால் ரோடு தெரியும். மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் பொடிப்பொடியாகத் துரு. ‘ஒரிஜினல்’ என்கிற வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வண்டியைச் சாகவிடுகிறார்கள். துரு யாருடைய நினைவுக்கும் மரியாதை கொடுக்காது. ஈரம் இருந்தால் தின்றுகொண்டே இருக்கும்.

அதனால் தொடாமல் விட்டதைப் புகழ்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

---

கிளட்ச் வயர் எழுதியது:

//துரு யாருடைய நினைவுக்கும் மரியாதை கொடுக்காது//

ஐயா, இந்த வரியை நான் மறக்க மாட்டேன். நீங்கள் சொல்வதற்கு அந்தப் படத்திலேயே சாட்சி இருக்கிறது. இன்னொரு கார் 558 என்ன ஆனது தெரியுமா? குதித்துக் குதித்து அடிவாங்கியதால் அதை ஒழித்துக்கட்டிவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் பழைய வண்டிகள் கிடக்கும் இடத்தில் வெறும் கூடாகக் கிடைத்தது. வாங்கியவருக்கு அது என்ன கார் என்றே தெரியாது, வேறொரு மஸ்டாங்கின் நகலாக மாற்றத்தான் வாங்கியிருந்தார். எண்ணைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டார்கள். ஃபோர்டின் பழைய தயாரிப்புப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி நேரில் போய் 2017இல் உறுதி செய்தார்.

அந்தக் காரை யாரும் பெயிண்ட் அடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. அதில் மிச்சமே இல்லை. 559இன் கதை வேறு. யாரோ தினமும் ஓட்டினார்கள், பிறகு கூரைக்கு அடியில் வைத்தார்கள். விட்டுவிடுவதும் வைத்துக்கொள்வதும் ஒன்று இல்லை.

---

டிங்கர் பட்டறை எழுதியது:

சரி, இப்போது ஒத்துப்போகிறேன். கூரைக்கு அடியில் என்பதுதான் முக்கியம்.

அடியில் வெல்டு வைத்த குழாய்களைப் பற்றிச் சொன்னீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு வண்டி முழு ரெஸ்டோரேஷனுக்கு வந்தால் எங்கள் பட்டறையில் என்ன நடக்கும்? எல்லாவற்றையும் கழற்றுவோம். பெயிண்டை அடித்தகரம் வரை சுரண்டுவோம். கம்பெனியில் வராத வெல்டு, கம்பெனியில் வராத ஓட்டை எதைக் கண்டாலும் கிரைண்டர் போட்டு எடுத்துவிடுவோம். ஓட்டையை அடைத்து, பட்டி பூசி, தேய்த்து, பிரைமர், அப்புறம் கலர். கடைசியில் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்தது மாதிரி நிற்கும். அதுதான் நல்ல வேலை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தக் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தால், விஷயம் தெரியாமல் நான் முதல் நாளே அந்தக் குழாய்களை வெட்டி எறிந்திருப்பேன். நேர்த்தியாக, சுத்தமாக. வண்டிக்காரர் கைகொடுத்து நன்றி சொல்லியிருப்பார். அது படத்தில் ஓடிய கார் என்பதற்கு இருந்த இரும்புச் சாட்சி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் எதை எதையெல்லாம் தேய்த்து எடுத்திருக்கிறேனோ.

---

நாற்பதாவது மைல் எழுதியது:

நான் மேரிலாண்டில் இருக்கிறேன். அந்தக் காரை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2018 ஏப்ரலில் வாஷிங்டனில் நேஷனல் மால் திடலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதை நிறுத்தியிருந்தார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 21ஆவது வண்டியாக அது சேர்ந்திருந்த சமயம். அந்தப் பதிவேட்டில் சேரும் வண்டியை அளந்து, படம் எடுத்து, ஆவணங்களை நாடாளுமன்ற நூலகத்தில் வைப்பார்கள். வேலை முடிந்து சாயங்காலம் மெட்ரோவில் போய் இறங்கினேன். பெட்டிக்குள் விளக்கு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கேபிடல் கட்டடம், இன்னொரு பக்கம் வாஷிங்டன் நினைவுத்தூண், நடுவில் புல்தரையில் இந்தப் பச்சை.

கண்காட்சிகளில் பழைய கார்கள் நிறைய பார்த்திருக்கிறேன். பெயிண்டில் நம் முகம் தெரியும். இதில் தெரியவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தில் பச்சை ஒரு மாதிரி இருந்தது, நிழலில் கறுப்பாக இருந்தது. பெயிண்ட் பல இடங்களில் செத்திருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அமெரிக்கர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

எனக்கு அப்போது மெக்வீன் நினைவே வரவில்லை. ஒரு டீச்சர் குளிர்காலக் காலையில் இந்த 325 குதிரைத் திறனை உசுப்பி, மாணவர் நோட்டுகளை அடுத்த சீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் கண்முன்னே ஓடியது. நோட்டுகள் என் கற்பனை. ஆனால் டீச்சர் உண்மை.

---

குதிரைத் திறன் எழுதியது:

படிக்கவே சிலிர்க்கிறது அண்ணா. எவ்வளவு பேர் வந்து விலை கேட்டிருப்பார்கள்! மெக்வீனுக்கே இல்லை என்று சொன்ன ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த உறுதி இருந்திருக்காது, கடிதத்தைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்திருப்பேன்.

---

சந்தை நிலவரம் எழுதியது:

இங்கே யாரும் மிச்சக் கதையைச் சொல்லவில்லையே. 2020 ஜனவரி 10ஆம் தேதி ஃபுளோரிடாவில் கிஸ்ஸிமி ஊரில் நடந்த மீகம் ஏலத்தில் ஷான் கீர்னன் அந்தக் காரை விற்றுவிட்டார். ஏலத்தொகை 34 லட்சம் டாலர், கட்டணங்களோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் யார் என்று அப்போது வெளியே சொல்லவில்லை.

அப்பா மெக்வீனுக்கே கொடுக்காத காரை மகன் பெயர் தெரியாதவருக்குக் கொடுத்தார். இதைப் பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும், நினைத்ததைச் சொல்கிறேன்.

---

கிளட்ச் வயர் எழுதியது:

நியாயமான கேள்விதான். நானும் அந்தச் செய்தியைப் படித்த அன்று வருத்தப்பட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். 2018 ஜனவரி வரை அது யாருக்கும் தெரியாத கார். ஒரு சாதாரண வீட்டில் ஒரு சாதாரணப் பூட்டு போதும். உலகத்துக்குத் தெரிந்த அடுத்த நாளிலிருந்து அந்தப் பூட்டு போதாது. இன்சூரன்ஸ், காவல், கொண்டுபோகும் செலவு எல்லாம் ஒரு குடும்பத்தின் தோளில். ஒரு சம்பளக்காரர் வீட்டில் 30 லட்சம் டாலருக்கு மேல் போகும் பொருளை ராத்திரி வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

அப்புறம், விற்பதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்றும் பாருங்கள். பெயிண்ட் அடித்து விற்கவில்லை. சீட்டு மாற்றி விற்கவில்லை. அப்பா விட்டுப்போன மாதிரியே மேடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பல வருடம் வாயைத் திறக்காமல் காத்தவர், ஊர் ஊராகக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிய பிறகுதான் கொடுத்தார்.

---

சந்தை நிலவரம் எழுதியது:

//பெயிண்ட் அடித்து விற்கவில்லை//

வியாபாரமாகப் பார்த்தாலும் அது சரியான முடிவு. ஏலச் சந்தையில் தொடாத வண்டிக்கு இப்போது தனி மரியாதை இருக்கிறது. புதுப்பித்த காரைப் பணம் இருந்தால் யாரும் இன்னொன்று உருவாக்கலாம். தொடாத காரை உருவாக்க முடியாது. அதனால் அவர் பெயிண்டைத் தொடாததற்குப் பாசம்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

---

கிளட்ச் வயர் எழுதியது:

ஏனென்றால் 1977இல் அப்படி ஒரு சந்தை இல்லை நண்பரே. 1980இல் இல்லை. பழைய மஸ்டாங் என்றால் வெறும் பழைய கார். 10 வயது ஆன காரை யார் வரலாறு என்று சொன்னார்கள்? அப்போது அந்த அப்பா விற்றிருக்கலாம், நிறம் மாற்றியிருக்கலாம், உடைந்த கிளட்சோடு வருகிற விலைக்குத் தள்ளியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. பிறகு வந்த சந்தையை வைத்து அவருடைய அன்றைய மனசை அளக்க முடியாது.

மகனுக்கு விலை தெரிந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பாவோடு சேர்ந்து கழற்றிய போல்ட்டுகளை, அப்பா இறந்த பிறகு தனியாக உட்கார்ந்து மாட்டியவருக்கு விலை மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

---

ஹெரால்டு வீடு எழுதியது:

இத்தனை நாள் படிக்க மட்டும் வருவேன், இன்றைக்குத்தான் முதல் முறையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. மெட்ராஸில் தயாரான வண்டி. அப்பா தவறிய மறு வருடம், அவர் நினைவாக அதைப் புதுப்பிக்கலாம் என்று நானும் அண்ணனும் ஒரு பட்டறையில் விட்டோம். ஏழு மாதம் கழித்து வந்தது. பளபளவென்று இருந்தது. தெருவே பார்த்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இது உங்க அப்பா வண்டி இல்லையே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கு அப்போது புரியவில்லை. டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரியும். அப்பா எப்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை அங்கே வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். இருபது வருடத்து முழங்கை அது. அதை நாங்கள் காசு கொடுத்து அழித்துவிட்டோம்.

பட்டறைக்காரர் மேல் தப்பே இல்லை, நாங்கள் கேட்டதைத்தான் செய்தார். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

---

டிங்கர் பட்டறை எழுதியது:

தங்கச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

என் தொழிலில் இருப்பவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. “இந்தத் தேய்மானம் எப்படி வந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இனிமேல் என் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு பழைய வண்டிக்கும் நான் கேட்பேன்.

ஒன்று சொல்லவா? முழு பெயிண்ட் என்று சொன்னாலும் எல்லா இடமும் மாறியிருக்காது. டேஷ்போர்டு பெட்டியின் உள்பக்கம், பின் சீட்டுக்கு அடியில் உள்ள தகரம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, கதவு அட்டைக்குப் பின்னால். பெரும்பாலான பட்டறைகளில் இங்கெல்லாம் பெயிண்ட் அடிக்கும் கன்னை நீட்ட மாட்டார்கள், வெளியே தெரியாது என்பதால். அப்பா காலத்து பெயிண்ட் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. போய்ப் பாருங்கள்.

---

நாற்பதாவது மைல் எழுதியது:

அம்மா சொன்ன அந்த ஒரு வரி இந்த இழையின் கேள்விக்கே பதில் மாதிரி இருக்கிறது.

டிங்கர் ஐயா, ஒரு சந்தேகம். இப்படிப் பல வருடம் நின்ற வண்டியைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று கொஞ்சம் எழுதுங்களேன். ஊரில் மாமா வீட்டில் ஒரு கான்டெஸா அப்படி நிற்கிறது.

---

டிங்கர் பட்டறை எழுதியது:

எழுதுகிறேன். எஞ்சின் விஷயம் என் மச்சானிடம் கேட்டு எழுதியது, அவர்தான் மெக்கானிக்.

பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருப்புவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பல வருடம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய் இருக்காது, பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாளாவது ஊற விடுங்கள். அப்புறம் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் மட்டும் மேலே போங்கள். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டேங்கை இறக்கிக் கழுவாமல் கார்பரேட்டருக்கு அனுப்பாதீர்கள். பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், ரப்பர் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

இதையெல்லாம் மாற்றினால் ‘ஒரிஜினல்’ போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். பிரேக்கும் டயரும் உயிர் காக்கிற சாமான். அதில் பழமை பார்க்கக் கூடாது. அந்த மஸ்டாங்கையும் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துதானே காட்டினார்கள். கழற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் பாலிஷ் மெஷினைக் கிட்டே சேர்க்காதீர்கள். பழைய பெயிண்ட் மெல்லிசாகத்தான் மிஞ்சியிருக்கும், ஒரு தடவை பஃபிங் போட்டால் மூலையிலும் விளிம்பிலும் தகரம் வந்துவிடும். பிரஷர் தண்ணீரும் வேண்டாம், தளர்ந்த பெயிண்ட் பெயர்ந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, அப்புறம் தேய்ப்புத்தூள் கலக்காத மெழுகு. துரு இருக்கிற இடத்தில் அது மேலே பரவாமல் மட்டும் நிறுத்துங்கள், கதவுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் மெழுகு எண்ணெய் அடித்துவிடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போடுங்கள். எலிக்கு வழி விடாதீர்கள், வயரை முதலில் அதுதான் தின்னும்.

துருவை நிறுத்துவது ஒரு வேலை. பழசை மறைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

---

சந்தை நிலவரம் எழுதியது:

கிளட்ச் வயர் அவர்களே, 1977இல் சந்தை இல்லை என்று நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. அப்பா விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மகன் விற்றதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அது அப்படியே இருக்கட்டும்.

---

ஹெரால்டு வீடு எழுதியது:

டிங்கர் அண்ணா, நேற்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அண்ணனும் பின் சீட்டைக் கழற்றிப் பார்த்தோம்.

நீங்கள் சொன்னது சரி. கன் அங்கே போகவில்லை. ஒரு சாண் அகலத்துக்குப் பழைய நீலம் அப்படியே இருக்கிறது. இப்போது வெளியே அடித்திருக்கும் நீலம் அதைவிட வெளிர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு மெத்துத் துணி கேட்டு வாங்கி அவரே துடைத்தார்.

அந்த இடத்தில் கொஞ்சம் துரு ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது, ஒரு ரூபாய் காசு அளவு. இதற்கு என்ன செய்வது அண்ணா? தேய்க்கலாமா, கூடாதா?

---

டிங்கர் பட்டறை எழுதியது:

தேய்க்காதீர்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை சீட்டை மாட்டாமல் காற்று பட விடுங்கள்.